சமையல் மேடையின் நீட்டிய விளிம்பு: எது தாங்குகிறது என்று பார்த்துக் கட்டுங்கள்

மீள்குடியேறிய குடும்பங்களின் வீட்டு வேலையில் குசினி பெரும்பாலும் கடைசியாகத்தான் வருகிறது. அத்திவாரம், சுவர், கூரை, கதவு, யன்னல் என்று காசு கட்டம் கட்டமாகக் கரைந்த பிறகு, மிச்சத்தில் சமையல் மேடை கட்டப்படும். அத்திவாரத்தையும் கூரையையும் பார்வையிட ஆட்கள் வருவார்கள். மேடையை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. அதனால் மேடை எப்படி அமைய வேண்டும் என்பதை வீட்டுக்காரரும் மேசனுமே பேசித் தீர்மானிக்கிறார்கள்.

எங்களுடைய வீடுகள் சிறியவை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அதில் கட்டப்பட்ட வீட்டின் ஆகக் குறைந்த பரப்பு 550 சதுர அடி. இந்த அளவு வீட்டில் சாப்பாட்டு மேசைக்கென்று தனியிடம் ஒதுக்குவது கடினம். ஆகவே குசினிக்கும் முன் அறைக்கும் இடையில் அரைச் சுவர் எழுப்பி, அதன் மேல் கல் பதித்து, கல்லை ஒரு பக்கம் நீட்டி விட்டால் பிள்ளைகள் அங்கேயே இருந்து சாப்பிடலாம், படிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் அப்படியான குசினிகளின் படங்களை அனுப்பி, சில வேளை காசும் அனுப்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் படங்களில் கல்லுக்குக் கீழே மறைந்திருக்கும் இரும்பு தெரிவதில்லை.

வன்னியில் நான் போன ஒரு வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். தாயும் இரண்டு பிள்ளைகளும் அம்மம்மாவும் இருக்கும் வீடு. வெளிநாட்டிலிருந்து வந்த காசில் பளபளப்பான கறுப்புக் கிறனைற் வாங்கியிருந்தார்கள். கல்லின் அகலம் 30 அங்குலம், தடிப்பு 20 மில்லிமீற்றர். பாதி அடிச்சுவரின் மேல் இருந்தது, மற்றப் பாதி, அதாவது 15 அங்குலம், வெளியே நீட்டி நின்றது. கீழே எந்த முட்டும் இல்லை. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பத்து வயது மகன் மேல் தட்டிலிருந்த போத்தலை எடுக்க அதன் மேல் ஏறியிருக்கிறான். சுவரின் ஓரத்தோடு கல் நேராக முறிந்து அவனுடைய காலில் விழுந்தது. எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. "கல்லெண்டால் உடையாது எண்டுதானே பிள்ளை நினைச்சனாங்கள்" என்று அம்மம்மா என்னிடம் சொன்னார்.

நான் பொறியியல் படித்தவள் அல்ல. அந்த வீட்டிலிருந்து திரும்பிய பிறகு எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர்களிடமும் அனுபவமுள்ள மேசன்மாரிடமும் கேட்டு அறிந்தவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். சுவரையோ அலுமாரியையோ தாண்டி, கீழே தாங்கல் இல்லாமல் வெளியே நிற்கும் பகுதியை இக்கட்டுரையில் "நீட்டு" என்று குறிப்பிடுகிறோம்.

நீட்டு ஏன் முறிகிறது?

கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். துலா மிதிப்பவர் ஆடுகாலுக்குக் கிட்ட நிற்கும்போது துலா பெரிதாக அசையாது. அவர் தள்ளிப் போகப் போக அதே ஆளின் அதே நிறை துலாவைக் கீழே இறக்கிவிடும். நிறை மாறவில்லை, தூரம்தான் மாறியது. மேடையின் நீட்டும் இப்படித்தான். சுவருக்குக் கிட்ட வைத்த அரிசிப் பானை ஒன்றும் செய்யாது. அதே பானையை நீட்டின் நுனியில் வைத்தால் சுவரின் ஓரத்தில் கல்லுக்கு வரும் சுமை பல மடங்காகும். நீட்டு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நுனியில் வைக்கும் நிறையின் தாக்கமும் கூடும்.

அடுத்தது, கல்லின் குணம். கல் நசுக்கும் பாரத்தை நன்றாகத் தாங்கும். அதனால்தான் அத்திவாரத்துக்குக் கல் போடுகிறோம். ஆனால் இழுப்பைத் தாங்குவதில் கல் பலவீனமானது. ஒரு முருங்கைக் கொப்பின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தால் மேற்பக்கத்துத் தோல்தான் முதலில் வெடிக்கும், ஏனென்றால் வளையும்போது மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நெரிபடுகிறது. நீட்டிலும் அதே கதை. கல்லின் மேற்பக்கம், சுவரின் ஓரத்துக்கு நேர் மேலே, இழுபட்டு வெடிக்கிறது. கொப்பாவது வளைந்து சத்தம் போட்டு எச்சரிக்கும். கல் வளைந்து காட்டாது, முறியும் நேரத்தில் ஒரேயடியாக முறியும்.

கல்லின் சொந்த நிறையும் சிறியதல்ல. 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கிறனைற் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 30 மில்லிமீற்றர் கல் சதுர அடிக்கு ஏழரைக் கிலோ. 6 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள 20 மில்லிமீற்றர் மேடைக்கல் 75 கிலோ, அதாவது ஒன்றரை மூடை சீமெந்து. 30 மில்லிமீற்றர் என்றால் 110 கிலோவைத் தாண்டும். பிள்ளைகள் இருந்து படிக்கும் இடத்தில், அவர்களுடைய முழங்காலுக்கு மேலே இந்த நிறையில் ஒரு பங்கு தொங்கிக்கொண்டிருக்கிறது.

முட்டு இல்லாமல் எவ்வளவு நீட்டலாம்?

கல் வேலை செய்பவர்கள் பின்பற்றும் இரண்டு விதிகள் உண்டு. இரண்டையும் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விதி 1: தடிப்பைப் பாருங்கள். 20 மில்லிமீற்றர் கல்லை 6 அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது. 30 மில்லிமீற்றர் கல்லை 10 அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது.

விதி 2: அகலத்தைப் பாருங்கள். நீட்டு, கல்லின் முழு அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு சுவரின் அல்லது அலுமாரியின் மேல் இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் நிறைதான் முன்னால் நீட்டிய பகுதியைக் கவிழாமல் பிடிக்கிறது.

உதாரணமாக, உங்கள் கல் 24 அங்குல அகலம், 30 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் விதிப்படி 10 அங்குலம் நீட்டலாம். இரண்டாவது விதிப்படி 8 அங்குலம்தான். ஆகவே 8 அங்குலம். முன்பு சொன்ன வீட்டுக்கல் 30 அங்குல அகலம், 20 மில்லிமீற்றர் தடிப்பு. அகலத்தைப் பார்த்தால் 10 அங்குலம், தடிப்பைப் பார்த்தால் 6 அங்குலம். நீட்டியிருக்க வேண்டியது 6 அங்குலம், நீட்டியது 15.

கடையில் கல் வாங்கும்போது தடிப்பை நீங்களே அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். முன் விளிம்பில் மட்டும் இன்னொரு துண்டை ஒட்டி, கல் தடிப்பானது போலக் காட்டும் வழக்கம் உண்டு. அது அழகுக்குச் செய்வது, பிழையில்லை. ஆனால் பலம் விளிம்பில் இல்லை, நடுவில்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் அல்லது தொட்டிக்கு வெட்டிய துளையில் அளந்தால் உண்மையான தடிப்புத் தெரியும். இந்த வித்தியாசம் முக்கியமானது. ஒரே வகைக் கல்லில் 30 மில்லிமீற்றர் கல், 20 மில்லிமீற்றர் கல்லைவிட ஒன்றரை மடங்குதான் தடிப்பு. ஆனால் முறிவைத் தாங்கும் பலம் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

சாதாரண சமையல் மேடைக்கு, அதாவது நின்று வேலை செய்யும் பக்கத்துக்கு, ஒன்று முதல் ஒன்றரை அங்குல நீட்டே போதும். தண்ணீர் சுவரில் வழியாமல் கீழே சொட்ட அது உதவும். இருந்து சாப்பிடும் மேடைக்குத்தான் முழங்கால் நுழைய 12 அங்குலம் அளவில் தேவைப்படுகிறது. அது மேலே சொன்ன இரண்டு அளவுகளையும் தாண்டியது. ஆகவே இருந்து சாப்பிடும் மேடை என்றால் முட்டுக் கட்டாயம் வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன முட்டுக் கொடுக்கலாம்?

1. கால் வைப்பது. எல்லாவற்றிலும் மலிவானதும் பயமில்லாததும் இதுதான். நீட்டின் இரண்டு முனைகளிலும் கல்லால் கட்டிய சிறு தூண், அல்லது வைரம் பாய்ந்த பனங்குற்றி, அல்லது இரும்புக் குழாய் வைக்கலாம். கால் வைத்ததும் அந்தப் பகுதி நீட்டாக இருப்பதில்லை, இரண்டு பக்கமும் தாங்கப்பட்ட மேடையாகிவிடும். ஆனால் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 20 மில்லிமீற்றர் கல்லுக்கு 2 அடியையும், 30 மில்லிமீற்றர் கல்லுக்கு 3 அடியையும் தாண்டக் கூடாது. மரக்கால் என்றால் நிலத்தில் புதைக்காமல் சீமெந்துக் கட்டையின் மேல் நிறுத்துங்கள். கறையானும் ஈரமும் அணுகாது.

2. இரும்புத் தாங்கி. காலுக்கு இடமில்லை என்றால் எல் வடிவ இரும்புத் தாங்கிகளைச் சுவரில் பொருத்தலாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 2 அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். தாங்கியின் கை, நீட்டின் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு வரை போக வேண்டும். 12 அங்குல நீட்டுக்கு 9 அல்லது 10 அங்குலக் கை நல்லது. விளிம்பு வரை கொண்டு வந்தால் முழங்காலில் இடிக்கும். சுவரோடு நிற்கும் பக்கம் கையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

3. கல்லுக்கு அடியில் மறைந்த இரும்பு. தடித்த இரும்புப் பட்டைகளை அரைச் சுவரின் தலைப்பில் குறுக்காகப் பதித்து, அவற்றின் மேல் கல்லை வைப்பது இன்னொரு முறை. வெளிநாட்டுப் படங்களில் தெரியாமல் இருப்பது பெரும்பாலும் இதுதான். பட்டையில் மூன்றில் இரண்டு பங்கு சுவரின் அல்லது அலுமாரியின் பக்கம் இருந்து நன்றாக இறுக்கப்பட வேண்டும். இதைப் பழக்கமுள்ள ஒருவரே செய்ய வேண்டும்.

தாங்கி எவ்வளவு பலமானதாக இருந்தாலும் அது பொருத்தப்படும் சுவரும் பலமாக இருக்க வேண்டும். தாங்கியில் பாரம் ஏறும்போது மேலே உள்ள ஆணி வெளியே இழுபடும். ஆணி பூச்சில் மட்டும் நின்றால் பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். உங்கள் சுவர் உள்ளே துளையுள்ள சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டிருந்தால், தாங்கி வரும் இடத்துக் கற்களின் துளைகளைக் கொங்கிறீற்றால் நிரப்பிய பிறகே ஆணி இறக்க வேண்டும். சுவர் எழும்பும்போதே இதைச் சொல்லிவிட்டால் செலவு மிகக் குறைவு. பூச்சு முடிந்த பிறகு சொன்னால் உடைக்க வேண்டிவரும்.

எல்லாத் தாங்கிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். ஒன்று சிறிது உயர்ந்து நின்றால் முழு நிறையும் அந்த ஒரு புள்ளியில் ஏறி, கல் அங்கேயே வெடிக்கும். இரும்புக்குத் துருக் காப்புப் பூச்சு அடிக்க மறக்க வேண்டாம், குசினியில் ஈரம் எப்போதும் இருக்கும்.

கல்லில் இரண்டு இடங்கள் இயல்பாகவே பலவீனமானவை. ஒன்று, இரண்டு துண்டுகள் சேரும் பொருத்து. அது நீட்டின் நடுவில் முட்டில்லாத இடத்தில் வரக் கூடாது, தாங்கலுக்கு மேலே வர வேண்டும். மற்றது, தொட்டிக்கும் காஸ் அடுப்புக்கும் வெட்டிய துளையின் மூலைகள். அங்கே முன்னும் பின்னும் ஒடுங்கிய பட்டைதான் மிஞ்சுகிறது. அவற்றின் கீழேயும் தாங்கல் வேண்டும். துளையின் மூலைகளைக் கூராக வெட்டாமல் சற்று வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கல்லை லொறியில் ஏற்றும்போதும் தூக்கும்போதும் கண்ணாடியைப் போல நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். படுக்க வைத்துத் தூக்கினால் வீட்டுக்கு வரும் முன்பே உள்வெடிப்பு விழலாம்.

கொங்கிறீற்று மேடை போடுகிறவர்களுக்கு

பெரும்பாலான வீடுகளில் கிறனைற் இல்லை. கம்பி போட்ட கொங்கிறீற்றுத் தட்டை ஊற்றி, அதன் மேல் றைல்ஸ் பதிக்கிறார்கள் அல்லது சீமெந்தால் மினுக்குகிறார்கள். காசுக்கு ஏற்ற நல்ல மேடை இது. சரியாகப் போட்டால் கல்லைவிட நம்பலாம், ஏனென்றால் இழுப்பைத் தாங்கக் கம்பி உள்ளே இருக்கிறது. ஆனால் கம்பி சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: நீட்டில் கம்பி மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கு இடையில் இருக்கும் தட்டில் நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும், ஆகவே கம்பி கீழே. நீட்டில் நுனி தொய்யப் பார்க்கும், மேற்பக்கம் இழுபடும், ஆகவே கம்பி மேலே. பழக்கத்தில் எல்லாக் கம்பியையும் அடியில் விரித்து ஊற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அப்படி ஊற்றிய நீட்டில் கம்பி இருந்தும் பயனில்லை. வெளியே பார்த்தால் வித்தியாசமும் தெரியாது.

3 அங்குலத் தடிப்பில், 1 அடி வரை நீட்டும் வீட்டு மேடைக்கு:

கம்பி: 10 மில்லிமீற்றர் கம்பிகளை 6 அங்குலத்துக்கு ஒன்றாக, நீட்டும் திசையில் போடுங்கள். மேற்பரப்பிலிருந்து கம்பி வரை 20 முதல் 25 மில்லிமீற்றர் கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டும். குறுக்கே இணைப்புக் கம்பிகள் கட்ட வேண்டும்.

கம்பியின் நீளம்: வெளியே 1 அடி நீட்டினால், உள்பக்கம் குறைந்தது ஒன்றரை அடி போக வேண்டும். உள்ளே போதிய நீளமில்லாத கம்பி வெளியே இருந்தும் பிடிக்காது.

கம்பியை உயர்த்திப் பிடித்தல்: அடியில் சிறிய சீமெந்துக் கட்டைகளோ வளைத்த கம்பிக் கால்களோ வைத்துக் கட்டுங்கள். கொங்கிறீற்று ஊற்றும்போது கம்பியின் மேல் ஏறி நின்றால் அது அடிக்குப் போய்விடும். அந்த நேரம் நீங்கள் அருகில் நின்று பாருங்கள்.

கலவை: சீமெந்து 1, மணல் 2, முக்கால் அங்குலச் சல்லி 4. கலவை இலகுவாக ஓட வேண்டுமென்று தண்ணீரைக் கூட்டினால் பலம் குறையும்.

ஈரம்: ஊற்றிய மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாட்கள் மேடை காயக் கூடாது. ஈரச் சாக்கு விரித்து, வெயிலில் காயக் காயத் தண்ணீர் ஊற்றுங்கள். இதைப் பிள்ளைகளின் வேலையாகக் கொடுக்கலாம்.

பலகையும் முட்டும்: நீட்டின் கீழே உள்ள முட்டை 14 நாட்களுக்கு முன் எக்காரணம் கொண்டும் கழற்ற வேண்டாம், 28 நாட்கள் விட்டால் நல்லது. கழற்றும்போது நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலத் தடிப்புள்ள தட்டின் நிறை ஏறத்தாழ 200 கிலோ, நான்கு மூடை சீமெந்து. ஆகவே கீழே உள்ள அடிச்சுவரையும் நேரே மண் தரையில் எழுப்பாமல், இறுக்கிய உறுதியான அடித்தளத்தில் எழுப்புங்கள். 1 அடிக்கு மேல் நீட்ட விரும்பினால் தொழினுட்ப உத்தியோகத்தரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தண்ணீரும் மணலும்

குடாநாட்டிலும் கரையோரங்களிலும் பல கிணறுகளின் தண்ணீர் உவர். நெடுநாள் பாவிக்கப்படாத கிணறுகளில் தண்ணீர் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியாது. உப்பு கொங்கிறீற்றினுள் போனால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். மேடை மூன்று நான்கு வருடம் நன்றாக இருந்துவிட்டு அதன் பிறகு வெடிக்கத் தொடங்கும். குடிக்கக் கூடிய தண்ணீரையே கொங்கிறீற்றுக்கும் பாவியுங்கள். கடற்கரை மணலைப் பாவிக்க வேண்டாம். ஒரு மேடைக்குச் சில பரல் நல்ல தண்ணீர் வாங்குவது பெரிய செலவல்ல.

பழைய வீட்டில் மேடை எஞ்சியிருந்தால்

சில குடும்பங்கள் தங்கள் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறீர்கள். கூரை போய்விட்டது, சுவரும் குசினி மேடையும் எஞ்சியிருக்கின்றன. அது உங்கள் தாயின் கையால் மெழுகிய மேடையாக இருக்கலாம். அதை இடிக்க மனம் வராது. இடிக்க வேண்டியதும் இல்லை, ஆனால் சோதிக்காமல் பாவிக்க வேண்டாம். பல வருடம் மழையும் வெயிலும் நேரடியாக அதன் மேல் பட்டிருக்கிறது.

மேற்பக்கத்தைக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். சுவரின் ஓரத்துக்கு நேர் மேலே, நீளவாக்கில் ஒரு வெடிப்பு இருந்தால் அது ஆபத்தின் அடையாளம். மேற்பரப்பில் தலைமயிர் போல வலைப்பின்னலாகத் தெரியும் சிறு கீறல்கள் பெரும்பாலும் பூச்சில் வந்தவை.

அடிப்பக்கத்தைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துருக்கறை, கழன்று விழுந்த கொங்கிறீற்று, வெளியே தெரியும் கம்பி ஆகியவை இருந்தால் உள்ளே துரு நடக்கிறது.

சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடம் வெறும் பானையைத் தட்டியது போல ஒலிக்கும்.

பலம் பார்ப்பதற்காக அதன் மேல் ஏறி நிற்க வேண்டாம். நல்ல மேடையும் கெட்ட மேடையும் அந்தச் சோதனையில் ஒரே மாதிரி நிற்கும், கெட்ட மேடை முறியும் நாள் வரை.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் நீட்டின் கீழே உடனே கால் வையுங்கள். அடுக்கிய கல்லோ, இறுக்கி நிறுத்திய மரக்குற்றியோ போதும். பிறகு உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். வெடிப்பின் மேல் சீமெந்து பூசி மறைப்பது திருத்தம் அல்ல. அது அடுத்தவருக்குத் தெரியாமல் ஆபத்தை மூடி வைப்பது.

இடிபாடுகளில் கல் எடுக்கப் போகாதீர்கள்

பழைய கட்டிடங்களின் குவியல்களில் நல்ல கல்லும் தட்டும் கம்பியும் கிடக்கும். மேடைக்கு உதவும் என்று அவற்றை இழுக்கத் தோன்றும். அந்தக் குவியல்களுக்குள் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். உங்கள் சொந்த வளவாக இருந்தாலும், கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் துப்புரவு செய்ததை உறுதிப்படுத்தாத இடத்தில் அலவாங்கு போடவோ கல்லைப் புரட்டவோ வேண்டாம். சந்தேகமான ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாமல் தடுத்து, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

மேசனிடம் கேட்க வேண்டியவை

எங்கள் பகுதியில் பல வீடுகளில் வேலையைப் பார்ப்பது பெண்கள் தனியாகத்தான். "மேசன் அண்ணைக்குத் தெரியாததா, நான் என்ன கேட்கிறது" என்று தயங்குவதைக் கண்டிருக்கிறேன். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல மேசன் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோசமாகப் பதில் சொல்வார். வேலை தொடங்க முன்னரே கேளுங்கள், கடைசிக் கொடுப்பனவுக்கு முன் பதில்களை ஒருமுறை சரிபாருங்கள்.

1. கல்லின் உண்மையான தடிப்பு எவ்வளவு? எந்த இடத்தில் அளந்தீர்கள்?

2. எத்தனை அங்குலம் நீட்டுகிறோம்? முழு அகலத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா?

3. நீட்டை எது தாங்குகிறது? ஒரு தாங்கலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு?

4. தாங்கியின் ஆணி எதில் இறங்குகிறது, பூச்சிலா, கொங்கிறீற்றிலா?

5. கொங்கிறீற்று என்றால், நீட்டில் கம்பி மேலேயா கீழேயா? ஊற்றுவதற்கு முன் எனக்குக் காட்டுவீர்களா?

6. முட்டு எந்தத் திகதியில் கழற்றப்படும்?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு சிறு உதவி: கையில் தொலைபேசி இருந்தால், ஊற்றுவதற்கு முன் கம்பி கட்டியிருப்பதைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தாலே எங்கள் உத்தியோகத்தர் சரி பிழை சொல்லிவிடுவார். ஊற்றிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை.

பாவிக்கும்போது

முட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீட்டின் மேல் உரல் வைத்து இடிக்க வேண்டாம், திருவலையை அதன் நுனியில் வைத்து ஏறியிருக்க வேண்டாம். இடிக்கும் வேலையைத் தரையிலோ, நேர் கீழே சுவருள்ள இடத்திலோ செய்யுங்கள். விறகடுப்பைக் கிறனைற்றின் மேல் நேரடியாக மூட்டாதீர்கள். ஒரு இடம் மட்டும் திடீரென்று சூடேறினால் கல் வெடிக்கலாம். செங்கல்லால் தனி அடுப்புக்கட்டு அமைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எட்டிப் பிடிக்கும் பொருட்களை மேடைக்கு மேலே உயரத்தில் வைக்காமல் இருந்தால், அவர்கள் மேடையில் ஏற வேண்டிய தேவையும் வராது.

அந்தக் கறுப்புக் கல்லின் மிச்சத் துண்டு அதே வீட்டில் இப்போதும் இருக்கிறது. 15 அங்குல அகலத்தில், அடிச்சுவரின் ஓரத்தோடு முடிகிறது, கூரான முனையைத் தேய்த்து விட்டிருக்கிறார்கள். இருந்து சாப்பிடுவதற்குப் பக்கத்தில் ஒரு பலகை மேசை. அதற்கு நான்கு பனங்குற்றிக் கால்கள். நான் கடைசியாகப் போனபோது மகன் அதில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தான். அந்தக் கால்களில் இரண்டை முதலிலேயே கல்லுக்குக் கீழே வைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். கல் வாங்கிய காசோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. உங்கள் குசினியில் மேடை போட முன்னர், நீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்து, இதை எது தாங்குகிறது என்று ஒருமுறை கேளுங்கள். பதில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வேலையை நிறுத்தி எங்கள் கள அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வந்து பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.